சப்பாத்திக் கையோடு டோர்ட்டியா செய்யத் தொடங்குபவர்களுக்கு

மெக்சிகோவின் மெல்லிய ரொட்டியான டோர்ட்டியாவை முதல் முறை செய்தபோது எனக்குக் கிடைத்தது மைதா சப்பாத்திதான். வட்டமாக வந்தது, கல்லில் உப்பியது, சூடாக இருந்தவரை நன்றாகவும் இருந்தது. பத்து நிமிடம் கழித்து உள்ளே பீன்ஸ் வைத்து மடித்தேன். நடுவில் விரிசல் விட்டது.

நான் இருப்பது அரிசோனாவின் டூசான் நகரில். தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் மெக்சிகோவின் சொனோரா மாநிலம் வந்துவிடும். எங்கள் அடுத்த வீட்டுப் பெரியம்மா அந்த மாநிலத்தின் தலைநகரான எர்மோசீயோவில் பிறந்தவர். நான் அவரைத் தோன்யா என்று மரியாதையாகக் கூப்பிடுவேன், அவர் என்னை மிஹா, அதாவது மகளே என்பார். என் டோர்ட்டியாவைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, "உன் கைக்கு வேறொரு ரொட்டி பழகியிருக்கிறது மிஹா" என்றார். அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர் அடுக்களையில் நின்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சப்பாத்தி தேய்க்கத் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியில் அந்தப் பழக்கமே குறுக்கே வரும். எங்கெங்கே வரும் என்று தெரிந்துவிட்டால் போதும்.

பெயரை முதலில் சரி செய்துகொள்வோம். கடை அட்டையைப் பார்த்து டார்ட்டில்லா என்று படிக்கிறோம். ஸ்பானிய மொழியில் இரண்டு எல் சேர்ந்து வந்தால் ய ஒலி, ஆகவே டோர்ட்டியா. ஸ்பெயினுக்குப் போய் இதே பெயரைச் சொன்னால் உருளைக்கிழங்கு போட்ட தடித்த முட்டை ஆம்லெட் வரும். மெக்சிகோவிலும் நாட்டின் பெரும்பகுதியில் டோர்ட்டியா என்றால் மக்காச்சோளம்தான். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை அரைத்துத் தட்டுவது அது. கோதுமை டோர்ட்டியா வடக்கு மாநிலங்களின் உணவு, அதிலும் சொனோராவின் பெருமை.

காரணம் கோதுமை. ஸ்பானியர் வருவதற்கு முன் அந்த மண்ணில் கோதுமை கிடையாது. 1687இல் இந்தப் பாலைப் பகுதிக்கு வந்த யூசேபியோ கினோ என்ற இயேசு சபைப் பாதிரியார் தம் மிஷன்களில் கோதுமையைப் பரப்பினார். இங்கிருந்த பழங்குடி மக்களின் மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் கோடைப் பயிர்கள். கோதுமை குளிர்காலத்தில் வளர்ந்து, கையிருப்பு தீர்ந்துபோகும் பருவத்தில் அறுவடைக்கு வந்தது. அதனால் மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் மெக்சிகோவில் மிக அதிகமாகக் கோதுமை விளையும் மாநிலம் சொனோராதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் தம் குட்டைக் கோதுமை ரகங்களை வளர்த்தெடுத்த முக்கியமான இடங்களில் ஒன்று சொனோராவின் யாக்கி பள்ளத்தாக்கு. கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் முயற்சியில் அவர் 1963இல் இந்தியா வந்தார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இந்தியாவுக்கு வந்து இறங்கியது. வந்த ரகங்களில் ஒன்றின் பெயர் சொனோரா 64. அதன் மணி செந்நிறம். நம் மக்கள் சப்பாத்திக்குப் பொன்னிற மணியை விரும்பியதால், சுவாமிநாதனின் குழு அதன் விதைகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி ஷர்பதி சொனோரா என்ற ரகத்தை எடுத்தது. தோன்யாவிடம் இதைச் சொன்னபோது, மாவு பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

தேவையானவை

10 டோர்ட்டியாவுக்கு மைதா 300 கிராம், உப்பு 5 கிராம் (ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு), கொழுப்பு 50 கிராம், வெந்நீர் 150 முதல் 160 மி.லி. அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று முறையாவது தராசு வைத்து அளந்து செய்யுங்கள். ஒரு கப் மைதா என்பது அள்ளுகிற கையைப் பொறுத்து 120 கிராமும் ஆகலாம், 150 கிராமும் ஆகலாம். கொழுப்பும் நீரும் மாவுக்கு ஏற்ற விகிதத்தில் நிற்க வேண்டிய பண்டம் இது.

கோதுமை மாவு, அதாவது ஆட்டா, முதல் முயற்சிக்கு வேண்டாம். அதில் இருக்கும் தவிடு மாவின் இழுவையை இடையிடையே அறுத்துவிடும். சக்கி என்ற அரவைக் கல்லில் அரைபடும்போது மாவுச்சத்து உடைவதால் தண்ணீரையும் அதிகம் குடிக்கும். மைதாவில் கை பழகிய பிறகு பாதிக்குப் பாதி கலக்கலாம். அப்போது நீரை 15 முதல் 20 மி.லி. கூட்டி, மாவை முக்கால் மணி நேரம் ஊற விடுங்கள்.

பேக்கிங் பவுடர் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். டெக்சாஸ் பக்கம் போடுவார்கள், அங்கே டோர்ட்டியா கொஞ்சம் தடிமனாக, மெத்தென்று இருக்கும். சொனோராவின் மெல்லிய டோர்ட்டியாவுக்கு அது தேவையில்லை. நான் போடுவதில்லை. உங்களுக்கு மெத்தென்று வேண்டுமானால் இந்த அளவுக்கு அரை டீஸ்பூன் போதும்.

இனி கொழுப்பு. சப்பாத்தி மாவுக்கு நாம் ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுவோம், விடாமலும் பிசைவோம். இங்கே 300 கிராம் மாவுக்கு 50 கிராம், அதாவது ஆறில் ஒரு பங்கு. படித்தவுடன் கை தயங்கும். எனக்கும் தயங்கியது. பாதியாகக் குறைத்துச் செய்தேன், விரிசல் விட்டதற்கு முதல் காரணம் அதுதான். கொழுப்பு கோதுமைப் புரதத்தின் மேல் படிந்து, அது நீரோடு சேர்ந்து நீளமான வலையாகப் பின்னிக்கொள்வதைக் கட்டுப்படுத்துகிறது. மாவு ரப்பர் போல இழுக்காமல் இருப்பதும், சுட்ட பின் மணிக்கணக்கில் மென்மையாக இருப்பதும் அதனால்தான். ஒரு டோர்ட்டியாவுக்கு 5 கிராம் கொழுப்பு வருகிறது. கல்லில் எண்ணெய் எதுவும் விடப்போவதில்லை. அப்படிப் பார்த்தால் நெய் விட்டுச் சுட்ட ஒரு தோசையை இது தாண்டாது.

சொனோராவின் மரபில் அது பன்றிக் கொழுப்பு. அங்கே மந்தேக்கா என்பார்கள். வாசனைக்கும் மென்மைக்கும் அதற்கு நிகரில்லை என்று தோன்யா உறுதியாகச் சொல்வார். பன்றி உண்ணாதவர்களும் சைவக்காரர்களும் கடையில் டோர்ட்டியா வாங்கும்போதும், மெக்சிகோ உணவகத்தில் சாப்பிடும்போதும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாவில் என்ன கொழுப்பு என்று கேட்டுவிடுங்கள், கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் வீட்டில் என்றால் என் தேர்வு உறைந்த நெய். கெட்டியாக இருக்கும்போதே மாவில் தேய்த்துக் கலக்க வரும், மணமும் சப்பாத்தியை நினைவூட்டாமல் தனியாக நிற்கும். 45 கிராம் போதும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு நீர் இருப்பதால், 55 கிராம் எடுத்து வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் குறைத்துக்கொள்ளுங்கள். வனஸ்பதியிலும் நன்றாகவே வரும். எண்ணெய் மட்டும்தான் இருக்கிறது என்றால் வாசனையில்லாத எண்ணெய் 45 மி.லி. மென்மை வரும், ஆனால் உள்ளே இழைகள் பிரிவது குறையும்.

பிசைவது

மைதாவையும் உப்பையும் கலந்து, கொழுப்பை அதில் போட்டு, விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்துக் கலக்குங்கள். எங்கும் கட்டி தெரியக் கூடாது. ஒரு பிடி எடுத்து அமுக்கினால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். முறுக்கு மாவில் வெண்ணெய் கலந்து பார்ப்போமே, அதே பதம். இதற்கு மூன்று நிமிடமாவது ஆகும். நீர் விட்ட பிறகு இந்த வேலையைச் செய்ய முடியாது.

அடுத்து வெந்நீர். சப்பாத்திக் கை குறுக்கே வரும் இரண்டாவது இடம் இது. குழாய்த் தண்ணீர் கூடாது, கொதிக்கக் கொதிக்கவும் கூடாது. கொதித்த நீரும் சாதாரண நீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி வரும், அது சரியான சூடு. அந்தச் சூட்டில் கொழுப்பு இளகி மாவு முழுதும் பரவும், மாவு நீரை வேகமாக உறிஞ்சும், இழுவையும் தணியும். முதலில் 140 மி.லி. ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். உலர்ந்த மாவு பாத்திரத்தின் அடியில் தங்கினால் மட்டும் மீதி நீரைச் சிறிது சிறிதாகத் தெளியுங்கள்.

கை பொறுக்கும் சூடு வந்ததும் பலகையில் போட்டு ஐந்து நிமிடம் பிசையுங்கள். பூரி மாவைவிட இளக்கமாகவும், பரோட்டா மாவைவிடச் சற்று இறுக்கமாகவும் இருக்க வேண்டும். கையில் ஒட்டாது, ஆனால் லேசாக மினுமினுக்கும். ஒட்டுகிறது என்று உடனே மாவு தூவாதீர்கள். இன்னும் இரண்டு நிமிடம் பிசைந்தால் பெரும்பாலும் ஒட்டுவது நின்றுவிடும்.

உருட்டி ஊற வைப்பது

சப்பாத்திக்கு மாவு முழுவதையும் மூடி வைத்துவிட்டு, தேய்க்கும்போது ஒவ்வொன்றாகக் கிள்ளி உருட்டுவோம். இங்கே முதலிலேயே 10 உருண்டைகளாகப் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கிராம். ஓரங்களை அடிப்பக்கமாக இழுத்துச் செருகி, மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும்படி உருட்டி, உள்ளங்கையால் லேசாக அமுக்கி, தட்டில் இடைவெளி விட்டு வையுங்கள். சொனோராவில் இந்த உருண்டைக்குத் தெஸ்தால் என்று பெயர். மேலே விரலால் துளி எண்ணெய் தடவி, ஈரத்துணியால் மூடிவிடுங்கள். துணி சொட்டக் கூடாது.

குறைந்தது 30 நிமிடம். வெளியூரிலிருந்து யாராவது வந்து பசியோடு உட்கார்ந்திருந்தாலும் 30 நிமிடம். உருட்டும்போது மாவு இறுகிவிடுகிறது. உருட்டிய பிறகு ஊறினால்தான் அந்த இறுக்கம் தளரும், முழு மாவாக ஊறி அப்புறம் உருட்டினால் மீண்டும் இறுகும். பரோட்டாக் கடையில் உருண்டைகளை எண்ணெயில் வரிசையாக ஊறப் போட்டிருப்பதன் காரணமும் இதுதான். நன்றாக ஊறிய உருண்டையை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். எழும்பி வந்தால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். ஒரு மணி நேரம் வரை ஊறினாலும் நல்லதே. அதற்கு மேல் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்த பின் அரை மணி நேரம் வெளியில் விட்டுத் தேயுங்கள்.

தேய்ப்பது

பலகையில் மைதாவை மிக லேசாகத் தூவுங்கள். சப்பாத்திக்குச் செய்வதுபோல உருண்டையை மாவில் புரட்டி எடுக்க வேண்டாம். மாவில் கொழுப்பு இருப்பதால் அவ்வளவாக ஒட்டாது. ஒட்டியிருக்கும் உலர்ந்த மாவு கல்லில் கருகிக் கசக்கும், அடுத்த டோர்ட்டியாவிலும் கரும்புள்ளியாகப் படியும்.

நடுவிலிருந்து மேலே ஒரு தேய்ப்பு, நடுவிலிருந்து கீழே ஒரு தேய்ப்பு. கால் வட்டம் திருப்பி மறுபடி அதே இரண்டு. ஓரத்துக்கு வரும்போது கட்டையின் அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள். 20 செ.மீ. அகலம் வந்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன் இருக்கும். தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரல்களின் நிழல் தெரிய வேண்டும். நம் பழக்கத்துக்கு இது பயப்படும் அளவு மெலிசு. பயப்படாமல் தேயுங்கள், சுடும்போது இன்னும் கொஞ்சம் தடிக்கும்.

சுருங்கிச் சுருங்கி உள்ளே போகிறது என்றால் கையால் பலம் கொடுக்காதீர்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மூன்று நிமிடம் கழித்து முதலாவது தானாக வழிக்கு வரும். வட்டம் கோணலாக வருவதைப் பற்றிக் கவலையே வேண்டாம், சுவைக்கும் மென்மைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

சொனோராவில் கட்டையே தொடாமல் கையால் மட்டும் விரிக்கும் பெரிய டோர்ட்டியாவும் உண்டு. சொபக்கேரா என்பார்கள். உருண்டையை இரண்டு கைகளுக்கிடையே தட்டித் தட்டி, முன்கை மேல் வீசி வீசி, முழங்கையைத் தாண்டும் அளவுக்கு விரித்து, கவிழ்த்த வாணலி போன்ற கல்லில் போடுவார்கள். ருமாலி ரொட்டி பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புரியும். அக்குளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தோன்யா அதைச் செய்யும்போது நான் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு இன்னும் கிழியாமல் வந்ததில்லை. தொடக்கக்காரர்கள் கட்டையிலேயே இருங்கள்.

சுடுவது

அங்கே கல்லுக்குக் கொமால் என்று பெயர். நம் வார்ப்பிரும்புத் தோசைக்கல் அதற்கு முழுச் சமானம். தோசை சுட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புகை கிளம்பும். மிதமான தீக்கு மேலாக வைத்து ஐந்து நிமிடம் கல்லைக் காய விடுங்கள். ஒரு சிட்டிகை மைதா தூவிப் பாருங்கள். பத்து நொடிக்குள் பழுப்பானால் சரி. போட்டதும் கருகினால் தீயைக் குறைக்க வேண்டும். நிறம் மாறாமலே கிடந்தால் இன்னும் காயவில்லை.

டோர்ட்டியாவைச் சுருக்கம் விழாமல் போடுங்கள். எண்ணெய் கிடையாது. 20 நொடியில் மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும், நிறம் பச்சை மாவிலிருந்து வெண்மையாக மாறும். திருப்புங்கள். இன்னொரு 25 நொடி. அடியில் அங்கங்கே இளம் பழுப்புப் புள்ளிகள் வந்ததும் மறுபடி திருப்பி, பத்து நொடியில் எடுத்துவிடுங்கள். மொத்தம் ஒரு நிமிடம்.

சப்பாத்திக் கை மிகவும் தடுமாறும் இடம் இதுதான். துணியால் அழுத்திச் சுற்ற வேண்டும் என்று தோன்றும், தீயில் நேராகக் காட்டி உப்ப வைக்க வேண்டும் என்று தோன்றும், இன்னும் சிவக்கட்டும் என்று தோன்றும். மூன்றும் வேண்டாம். அழுத்தினால் உள்ளே பிரிந்த இழைகள் ஒட்டிப்போகும். கூடுதலாகக் கல்லில் கிடக்கும் ஒவ்வொரு பத்து நொடியும் டோர்ட்டியாவிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டே போகும். பார்வைக்கு இன்னும் வேகவில்லையோ என்ற சந்தேகம் வரும்போதே எடுத்தால்தான் பதம் சரி. அதே காரணத்தால் தீயைக் குறைத்து நிதானமாகச் சுடுவதும் தவறு. நேரம் கூடும், ஈரம் போகும், அப்பளமாகிவிடும்.

துணிக்குள்

கல்லிலிருந்து எடுத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. ஹாட்பாக்ஸுக்குள் தடித்த பருத்தித் துணி விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு முறையும் துணியை மடித்து மூடுங்கள். உள்ளே சிக்கிய ஆவி ஓரங்களை இளக்கும், வேகாத சந்தேகம் இருந்த இடங்களையும் முடித்துவைக்கும். கடைசி டோர்ட்டியா போட்ட பிறகு பத்து நிமிடம் திறக்காதீர்கள். துணி இல்லாமல் பாத்திரத்தில் நேராக அடுக்கினால் மூடியில் நீர் கோத்து, சொட்டி, அடியில் இருப்பவை கூழாகும். தட்டில் திறந்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் விறைக்கும்.

சரியாக வராவிட்டால்

மடிக்கும்போது விரிசல் விட்டால் முதலில் தீயைச் சந்தேகப்படுங்கள், பிறகு கொழுப்பின் அளவை. கொப்புளமே எழாவிட்டால் கல் காயவில்லை, அல்லது தடிமன் கூடிவிட்டது. ஒரே பெரிய பலூனாக உப்பினால் குறையல்ல, கல்லிலிருந்து எடுத்துத் துணியில் வைத்ததும் தானாக அடங்கும். நடுவில் மாவு வாசனை அடித்தால் நடுப்பகுதியைக் கட்டையால் தொடாமல் ஓரத்தையே தேய்த்திருக்கிறீர்கள். மாவு பிசைந்த கொஞ்ச நேரத்தில் எண்ணெய் கசிந்தால் நீர் அளவுக்கு மீறிக் கொதித்திருந்தது. அதை வீணாக்க வேண்டாம், ஆற விட்டு மீண்டும் இரண்டு நிமிடம் பிசைந்தால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

மீந்தவை

முழுவதும் ஆறிய பிறகு காற்றுப் புகாத பையில் வைத்தால் ஒரு நாள் வெளியிலேயே இருக்கும். சென்னை வெயில் காலத்தில் ஒரு பகலுக்கு மேல் நம்ப வேண்டாம். ஃபிரிட்ஜில் நான்கு நாள் கெடாது, ஆனால் விறைத்துவிடும். வெந்த மாவுச்சத்து ஃபிரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக இறுகுகிறது. ஆகவே நாள்பட வைக்க வேண்டுமானால் இடையிடையே வெண்ணெய்த்தாள் வைத்து நேராக ஃப்ரீசருக்கு அனுப்புங்கள், இரண்டு மாதம் தாங்கும். இறுகியது சூட்டில் மீண்டும் இளகும். காய்ந்த கல்லில் பக்கத்துக்குப் பத்து நொடி போதும், அல்லது ஈரத்துணியில் சுற்றி மைக்ரோவேவில் 20 நொடி.

உள்ளே என்ன வைப்பது என்பதற்குச் சொனோராவில் பெரிய ஆடம்பரம் இல்லை. கரியில் சுட்ட மாட்டிறைச்சி, அல்லது வேகவைத்து மசித்துக் கொழுப்பில் வதக்கிய பீன்ஸ், கொஞ்சம் சீஸ், பச்சை மிளகாய். பீன்ஸ் மட்டும் வைத்துச் சுருட்டினாலும் அது முழுமையான பர்ரீட்டோதான். நாம் கடையில் பார்க்கும், சோறும் க்ரீமும் திணித்த பெரிய பொட்டலம் அமெரிக்காவில் உருவான வடிவம். வீட்டில் ராஜ்மா இருந்தால் அதையே கெட்டியாக மசித்து, சீரகமும் பூண்டும் சேர்த்து வதக்கி வையுங்கள்.

ஆனால் முதல் டோர்ட்டியாவுக்கு எதுவும் வேண்டாம். கல்லிலிருந்து எடுத்த சூட்டிலேயே வெண்ணெய் தடவி, இரண்டு சிட்டிகை உப்புத் தூவி, சுருட்டி, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுங்கள். தோன்யா வீட்டில் அந்த முதலாவது, பிசைந்தவருக்குத்தான்.